குப்பைன்னு வெட்டின தட்டு

ஏய், அந்தக் கதவைச் சாத்து. கதை முடிஞ்சப்புறம் பாத்ரூமுக்குத் துணைக்கு வான்னு யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது, ஆமா.

பேய்னா ராத்திரிதான் வரணுமா? இது பட்டப்பகல், மூணு மணி. ஈ காக்கா இல்லாத ரோடு... கடைசியில ஒரு ஷெட். என் கூட்டாளியோட பெரியப்பா மகனுக்கு அங்கதான் வேலை. நின்ன இடத்துல ஓடுற கார் இன்ஜின் எவ்வளவு நடுங்குதுன்னு அளக்குறவர். சென்சாரை ஒட்டுவார், கம்ப்யூட்டர்ல கோடு ஓடும், கோளாறு எங்கன்னு புட்டுப் புட்டு வைப்பார்.

அன்னைக்கு அவருக்குக் கையே ஓடல. காலையிலேர்ந்து தங்கச்சி போன் எடுக்கல. அவர் தூக்கி வளர்த்த பொண்ணு. தேடலாம்னு கிளம்புறார்... அவ புருஷனே காரோட வந்து நிக்கிறான்.

"கோவிச்சுக்கிட்டு எங்கயோ போயிட்டா மச்சான். நானும் தேடத்தான் போறேன். வண்டி நின்னா நடுங்குது, அதை மட்டும் பார்த்துக் குடுங்க. டிக்கியைத் திறக்காதீங்க, சாமான் சரிஞ்சிடும்."

சிரிச்சுக்கிட்டே சொன்னானாம், பாவி.

இன்ஜின் டுடுடுடுன்னு ஓடுது. பெட்ரோல் நாத்தம். இன்ஜின் மேல ஒரு சென்சார், ஆட்டம் பின்னால வரைக்கும் போகுதான்னு பார்க்க டிக்கி மேல ஒண்ணு. இன்ஜின் கோடு சுத்தமா இருக்கு. டிக்கி கோட்டுல மட்டும்... மூணு தட்டு. கொஞ்சம் நிக்குது. மறுபடி மூணு.

ரோட்டுல லாரி போனாக்கூட இப்படி மெதுவான ஆட்டம் விழுமாம். அதுக்கு அவங்க வேலையில பேரே 'குப்பை'. பதிவுலேர்ந்து கண்ணை மூடிக்கிட்டு வெட்டிருவாங்க. தங்கச்சியைத் தேடப் போற அவசரத்துல இவரும் வெட்டினார். "வண்டி நல்லா இருக்கு மாப்பிள்ளை"ன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தார்.

மூணாம் நாள் போலீஸ் அந்த டிக்கியைத் திறந்தாங்க. வாயில துணி, கையைக் கட்டி... மூடியோட உள்பக்கம் பூரா ரத்தம், குதிகாலால உதைச்சிருக்கா. வண்டி ஷெட்டுக்கு வந்த அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் உசுரு இருந்திருக்காம்.

வயிறு எரியுதுல்ல? இரு, முடியல.

வெட்டாத பதிவு கம்ப்யூட்டர்ல அப்படியே இருந்துச்சு. ஒருநாள் அதை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து ஓட விட்டார். அவர் அளந்தது நாலே நிமிஷம். நாலு நிமிஷம் ஆச்சு... இன்ஜின் கோடு படுத்துடுச்சு. டிக்கி கோடு நிக்கல. தட்டிக்கிட்டே இருக்கு.

பதினோரு மாசமா ஓடுது. வேலை போச்சு, பொண்டாட்டி பொறந்த வீட்டுக்குப் போயிட்டா. மனுஷன் அதை நிறுத்தவே விடமாட்டேங்கிறார். நிறுத்தினா தங்கச்சி செத்துடுவாளாம்.

போன வாரம் என் கூட்டாளி போய்ப் பார்த்தான். இப்போ ரொம்ப நேரத்துக்கு ஒரு தட்டுதான் வருதாம்... அதுவும் லேசா. ஒவ்வொரு தட்டுக்கும் இவர் பதறி எந்திரிச்சு, "இதோ வந்துட்டேன் பாப்பா, அண்ணன் வந்துட்டேன்"னு வீடு பூரா டிக்கி சாவியைத் தேடுறாராம்.