வலது தோள்

மாணிக்கம்மாள்: மெதுவாடி... ஐயோ, ஜானு, மெதுவா! தைலம் தேய்க்கிறியா, அம்மியில மொளகா அரைக்கிறியா?

ஜான் பீவி: கைய எடுக்கா. ஜாக்கெட்ட கொஞ்சம் எறக்கு. இந்தக் குழியில யாரு பாக்கப்போறா? முன்னால மண்சுவரு, பின்னால மைன்ஸ் மண்மேடு.

மாணிக்கம்மாள்: சுவத்துக்கு அந்தாண்ட முப்பது செக்யூரிட்டி துப்பாக்கியோட நிக்கிறானுங்கடி.

ஜான் பீவி: நின்னா? அவனுங்க குறி பாத்துச் சுட அவ்ளோ பெரிய தாளு நாம சட்டத்துல மாட்டித் தூக்கிக் காட்டியும் அவனுங்க கண்ணுக்குத் தெரியல. உன் தோளா தெரியப்போவுது?

மாணிக்கம்மாள்: சிரிப்பு காட்டாத. சிரிச்சா இழுக்குது.

ஜான் பீவி: அக்கா... இது என்னா இப்டி கன்னிப்போயிருக்குது? நாவப்பழம் மாதிரி?

மாணிக்கம்மாள்: சட்டம் தூக்குறதுதான். எட்டு சட்டம், எட்டு தாளு. ஏத்து, எறக்கு, ஒட்டு, மறுபடி ஏத்து... மனுச ஒடம்புதானே?

ஜான் பீவி: நானும்தான் ஏத்தறேன். எனக்கு ரெண்டு தோளும் நோவுது. உனக்கு வலது தோள்ல மட்டும், பத்து ரூவா காசு அகலத்துக்கு...

மாணிக்கம்மாள்: கதவுல இடிச்சிக்கினேன்.

ஜான் பீவி: உங்க வூட்டுக்குக் கதவு எங்க இருக்குது? சாக்குப் படுதாதானே?

மாணிக்கம்மாள்: பஸ்ஸு கதவு! பண்ருட்டி பஸ்ஸு. போதுமா வக்கீலம்மா? தைலத்த மூடு, அடியிலதான் கொஞ்சம் கெடக்குது. சாப்பாட்டு மணி முடியறதுக்குள்ள அந்த ஆறாம் நம்பர் தாளுக்கு ஒட்டு போடுவோம், எடு.

ஜான் பீவி: ஆறாம் நம்பரு குமரவேலுது. ஒட்டு போட ஒண்ணுமில்ல. பத்து குண்டுல மூணு பக்கத்துத் தாளுக்குப் போயிடுச்சு, நாலு சட்டத்துக் கால்ல. மீதி பறவைக்கு.

மாணிக்கம்மாள்: அவன்தானே பேங்கு வண்டிக்குக் காவல் போறான்?

ஜான் பீவி: திருடனுக்குத் தெரியாதுல்ல. துப்பாக்கியப் பாத்ததும் ஓடிடுவான்.

மாணிக்கம்மாள்: சரி, மேல கூடாரத்துல காலையில என்னா அவ்ளோ கை தட்டலு? நான் கொட்டாயில மைதா பசை காய்ச்சிக்கினு இருந்தேன், காது அடைச்சிடுச்சு.

ஜான் பீவி: ராமலிங்கம் சாருக்குத்தான். ஏஜென்சி மேனேஜரு மொத வரிசையில நின்னு அஞ்சு குண்டு சுட்டாத்தானே டெஸ்டே ஆரம்பிக்கும்? அஞ்சும் நட்ட நடுவுல.

மாணிக்கம்மாள்: அதிசயமா? வருஷா வருஷம் நீ கொடக்கம்பியால குத்துற, அவரு நடுவுல சுட்றாரு.

ஜான் பீவி: கத்தாதக்கா!

மாணிக்கம்மாள்: நாமளா குத்தறோம்? டிரெய்னிங் குடுக்குற மருதாசலம் சாரு சொல்லித்தானே குத்தறோம். 'ரெண்டு நடுவுல, மூணு பக்கத்துல. எல்லாத்தையும் நடுவுல போட்டா சந்தேகம் வரும்'னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரே. இந்த வருஷம் ஏண்டி அஞ்சையும் நடுவுல குத்தித் தொலைச்ச?

ஜான் பீவி: இந்தத் தைல மூடி எங்கக்கா போச்சு?

மாணிக்கம்மாள்: ஏ ஜானு. ஒன்னத்தான்.

ஜான் பீவி: அக்கா, உன் புள்ளைங்க மேல சத்தியமா...

மாணிக்கம்மாள்: என் புள்ளைங்கள ஏன் இழுக்கிற? உன் புள்ளைங்க மேல பண்ணு.

ஜான் பீவி: சரி, அல்லா மேல ஆணையா. நான் குத்தவே இல்லக்கா.

மாணிக்கம்மாள்: என்னாது?

ஜான் பீவி: கொடக்கம்பி, கரித்தூளு எல்லாம் எடுத்துக்கினு ரெடியாத்தான் வந்தேன். பாத்தா, பசை வாளி பக்கத்துல ஒரு தாளு சாத்தி வச்சிருந்துச்சு. அதுல ஏற்கெனவே அஞ்சு ஓட்டை. 'அடேங்கப்பா, அக்கா முன்னாடியே குத்தி வச்சிட்டாளே'ன்னு நெனச்சேன். மேல வெடிச் சத்தம் நின்னு கொடி ஆடுனதும் ஒண்ணாம் நம்பரு சட்டத்த எறக்குனேன். சாரு தாள்ல ஒண்ணும் இல்ல.

மாணிக்கம்மாள்: அது எப்பவும் இருக்கறதுதான்.

ஜான் பீவி: அதான் நானும் கண்டுக்கல. அதைக் கிழிச்சிட்டு இந்தத் தாள மாட்டி மேல ஏத்திட்டேன்.

மாணிக்கம்மாள்: அடிப் பாவி! அது நான் ஒட்டு போடறதுக்கு வச்சிருந்த தாளுடி! துப்பாக்கி நேராப் போவுதான்னு காலையில ஆறு மணிக்கு மருதாசலம் சாரு அஞ்சு குண்டு சுட்டுப் பாப்பாரே, அந்தத் தாளு!

ஜான் பீவி: ஆமா, நான் கேட்டாண்ட வரப்ப அஞ்சு வெடி கேட்டுச்சு... அப்ப அது நெஜ குண்டா?

மாணிக்கம்மாள்: நெஜ குண்டு.

ஜான் பீவி: அதான்! சென்னை ஆபீஸ்லேர்ந்து வந்திருக்காரே நெடுமாறன் சாரு, அவரு தாள கூடாரத்துக்கே எடுத்தாரச் சொல்லி வெரலால தடவித் தடவிப் பாத்தாரு. 'ஓட்டையச் சுத்தி வளையம் பாருங்க, கருப்பா, நெஜமா'ன்னாரு. நாம கரித்தூளு தடவுற வளையம் பழுப்பால்ல இருக்கும்? நம்ம ஊரு கரி அப்டி.

மாணிக்கம்மாள்: போன வருஷம் வந்தவரு அந்தப் பழுப்பு வளையத்துக்கே கப்பு குடுத்துட்டுப் போனாரு.

ஜான் பீவி: அஞ்சும் ஒரு முந்திரிக்கொட்டைக்குள்ள அடங்கிடும்க்கா. அவ்ளோ நெருக்கம்!

மாணிக்கம்மாள்: நாலுதான் அடங்கும். ஒண்ணு கொஞ்சம் கீழ எறங்கிடுச்சு.

ஜான் பீவி: நீ எப்ப பாத்த?

மாணிக்கம்மாள்: ஒட்டு போடறவளுக்குத் தெரியாதா?

ஜான் பீவி: இதைவுட பெரிய கூத்து கேளு. ராமலிங்கம் சாரு இன்னிக்கு சுடவே இல்ல.

மாணிக்கம்மாள்: ஏண்டி பொளுகற?

ஜான் பீவி: துப்பாக்கி சிக்கிக்கிச்சு. பக்கத்துல ஏழு பேரு படபடன்னு சுட்டதுல யாருக்கும் தெரியல. டீ குடுக்க மேல போனப்ப நானே பாத்தேன். மருதாசலம் சாரு ஓரமா ஒக்காந்து, துப்பாக்கியிலேர்ந்து அஞ்சு குண்டையும் தடவித் தடவி வெளிய எடுத்துக்கினு இருந்தாரு.

மாணிக்கம்மாள்: சுடாமயே கை தட்டல வாங்கிக்கினாரா மனுஷன்?

ஜான் பீவி: வாங்கிக்கினதா? நாலு பக்கமும் கும்புடு போட்டு, 'காத்து கொஞ்சம் எடது பக்கம் அடிச்சுது, அதையும் யோசிச்சுத்தான் சுட்டேன்'னாரு.

மாணிக்கம்மாள்: காத்தா? காலையில ஒரு முருங்கையெல அசையலடி.

ஜான் பீவி: ஆறு மணிக்கு நீ காத்தப் பாத்துக்கினா இருந்த?

மாணிக்கம்மாள்: ...அடுப்பு மூட்டறவ காத்தப் பாக்காம?

ஜான் பீவி: இப்ப சிக்கல் என்னான்னா, நெடுமாறன் சாரு விட மாட்டேங்கிறாரு. 'சாப்புட்டு வந்து என் கண்ணு முன்னால இன்னொரு அஞ்சு சுடுங்க. நான் குழியில நின்னு பாக்கறேன்'னுட்டாரு.

மாணிக்கம்மாள்: இங்க நின்னா? நாம எப்புடிக் குத்தறது? தாளு வெள்ளையா ஏறும். 'அப்ப காலையில சுட்டது யாரு'ன்னு நோண்டுவாங்களே...

ஜான் பீவி: நோண்டட்டும். மருதாசலம் சாரு சுட்ட தாளு, நான் மாத்தி மாட்டிட்டேன்னு சொல்றேன். திட்டுனா வாங்கிக்கறேன். உனக்கென்னா?

மாணிக்கம்மாள்: சொல்லக்கூடாது ஜானு. உன் கால்ல வுழறேன், சொல்லக்கூடாது.

ஜான் பீவி: ஏங்க்கா, மொகம் இப்டி வேர்க்குது?

மாணிக்கம்மாள்: முப்பதாந்தேதியோட என் கேட் பாஸ் முடியுது. மருதாசலம் சாரு கையெழுத்து போட்டாத்தான் மறுபடி கான்ட்ராக்ட்ல பேரு. அவரு வேலைக்கு எதுனா வந்துச்சுன்னா எனக்கும் பாஸ் போச்சு. திரும்பப் பண்ருட்டிக்கு முந்திரி ஒடைக்கத்தான் போவணும். அந்தக் கொட்டைப் பாலு பட்டுப் பட்டு கையில ரேகையே இல்ல. ரேஷன் கடை மெஷினு என்னைய நான் இல்லங்குது.

ஜான் பீவி: பருப்பு ஒடையாம எடுக்கறதுல உன் கைய அடிச்சிக்க ஆளில்லன்னு சொல்லுவாங்களே.

மாணிக்கம்மாள்: அதுல என்னா இருக்குது? மூச்சப் புடிச்சிக்கினு ஒரே தட்டு. கை ஆடக்கூடாது. அவ்ளோதான்.

ஜான் பீவி: ஆனா ஒண்ணு எனக்குப் புரியல. மருதாசலம் சாரு எப்புடி அவ்ளோ நெருக்கமா சுட்டாரு? காலையில என்னையப் பாத்து, 'வாய்யா குமரவேலு, மீசைய எடுத்துட்டியா'ன்னாரு.

மாணிக்கம்மாள்: வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாரு.

ஜான் பீவி: வெளக்குக் கம்பத்துக்கு வணக்கம் வச்சாரே?

மாணிக்கம்மாள்: பெரிய மனுஷன். எல்லாத்துக்கும் மரியாத.

ஜான் பீவி: எங்க மாமியாருக்கும் கண்ணுல பொறை வுழுந்தப்ப இப்டித்தான், ஆட்டுக்குட்டிய 'வாப்பா'ன்னு மடியில ஒக்கார வச்சிக்குவாங்க...

மாணிக்கம்மாள்: வாய மூடு. அவரே வராரு.

மருதாசலம்: அம்மிணி... மாணிக்கம்மா... எங்கிருக்கீங்க?

ஜான் பீவி: நேராத்தான் சார். பசை வாளி, பாத்து... ம், வச்சிட்டாரு கால.

மருதாசலம்: அது கெடக்குதுங்க. பயப்படாதீங்க ரெண்டு பேரும். மத்தியானம் சுடறது ரத்து.

மாணிக்கம்மாள்: நெசமாவா சார்? என் வயித்துல பாலு வாத்தீங்க!

மருதாசலம்: ராமலிங்கம் சாருக்குத் தோள்பட்டை வலிங்க. அஞ்சு குண்டு ஒரே மூச்சுல சுட்டதுல துப்பாக்கி உதைச்சுப்போடுச்சாம். கையவே தூக்க முடியலையாம்.

ஜான் பீவி: எந்தத் தோளு சார்?

மருதாசலம்: மொதல்ல எடதுலதான் இருந்துச்சு. நெடுமாறன் சார், 'வலதுலதானே துப்பாக்கிய வைப்பீங்க'ன்னு கேட்டாரு. வலதுக்கு மாறிடுச்சு.

மாணிக்கம்மாள்: நல்ல வலி. சொன்ன பேச்சு கேக்குது.

மருதாசலம்: அடுத்த மாசம் சென்னையில போட்டி. அதுக்கும் வலிக்கும்னு இப்பவே சொல்லிப்போட்டாரு. நெடுமாறன் சாருக்கு மனசு கேக்கலைங்க, அங்கயே மூணு நாள் சம்பளத்தோட லீவு எழுதிக் குடுத்துட்டாரு. சுட்டவங்களுக்கு ஓய்வு வேணுமில்லன்னு.

மாணிக்கம்மாள்: மூணு நாளா...

மருதாசலம்: அதுதான் அம்மிணி, ஒரு தைல பாட்டில் வேணும். நெடுமாறன் சார் கார்ல ஏறுற வரைக்கும் வாசனையாவது வரணுமில்ல? வாசம் புடிச்சுத்தான் இங்க வந்து சேர்ந்தேன்.

ஜான் பீவி: தரமுடியாது சார். அடியில கொஞ்சம்தான் கெடக்குது, அது அக்காவுக்கே வேணும். இந்தத் தோளப் பாருங்க... அட, உங்களுக்கு எங்க தெரியப்போவுது! பத்து ரூவா காசு அகலத்துக்குக் கன்னி... ஒரு நிமிஷம். அக்கா, துப்பாக்கி வலது தோள்லதானே ஒதைக்கும்?

மாணிக்கம்மாள்: தைலத்தக் குடுடி அவருக்கு.

ஜான் பீவி: காலையில காத்து இல்ல. நாலுதான் அடங்கும், ஒண்ணு கீழ எறங்கிடுச்சு. மூச்சப் புடிச்சிக்கினு ஒரே தட்டு... பண்ருட்டி பஸ்ஸு கதவாக்கா அது?

மருதாசலம்: என்ன சொல்றா இவ? மாணிக்கம்மா, இவகிட்ட ஏதாவது...

ஜான் பீவி: எத்தினி வருஷமாக்கா?

மாணிக்கம்மாள்: மூணு வருஷமா. இவரு கண்ணு மங்குனதுலேர்ந்து ஆறு மணிக்கு நான்தான் சுட்டுப் பாக்கறேன், போதுமா? வெளிய வாயத் தொறந்த, உன் கொடக்கம்பிய நானும் சொல்லிடுவேன். இந்தாங்க சார், தைலம். கொண்டுபோயி சுடாத தோளுக்குத் தேச்சு வுடுங்க. முப்பதாந்தேதிக்குள்ள என் பாஸ்ல கையெழுத்துப் போடுங்க, எந்த எடத்துலன்னு நான் வெரல் வச்சுக் காட்டறேன். ஆனா ஒண்ணு, சுட்டதும் என் தோளு, நொந்ததும் என் தோளு. அந்த மூணு நாள் லீவு எனக்குப் பாக்கி.