பன்னிரண்டு தூண், ஒரு ஜோடித் தகடு

என் மகள் லிபி நன்றாக நடனம் ஆடுவாள். அதனால்தான் கரமனையில் ஸ்ரீப்ரியா டீச்சர் தன் வீட்டு மொட்டைமாடியில் நடனக்கூடம் கட்ட நினைத்தபோது தன் செல்ல மாணவியின் அப்பா என்று அந்தத் தச்சு வேலையை எனக்குக் கொடுத்தார்.

பன்னிரண்டு மரத்தூண்கள். அவற்றின்மேல் உத்தரங்கள். அதற்கும் மேலே தகரக் கூரை. மூன்று பக்கமும் திறப்பு. வரைபடம் போட்ட எஞ்சினீயர் ஸ்மிதா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"சேட்டா, இந்தக் கூரை கீழ விழாது, மேல போகும். காத்து அடியில புகுந்து தூக்கும். எல்லாத் தூணையும் உத்தரத்தோட சேத்து ரெண்டு பக்கமும் தகடு வச்சு போல்ட் போடணும், கேட்டோ. தலையாட்டினா போதாது. ஒவ்வொண்ணுக்கும் போட்டோ வேணும்."

துளைகள் போட்டு வைத்தேன். பட்டறையிலிருந்து ஒரு ஜோடித் தகடுதான் வந்திருந்தது. மறுநாள் விஜயதசமி. புதிய பிள்ளைகளுக்கு அன்றுதான் முதல் பாடம். அந்த நாளை மாற்ற முடியாது.

அந்த ஜோடியை முதல் தூணில் மாட்டிப் படம் எடுத்தேன். கழற்றி இரண்டாம் தூணில் மாட்டினேன். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எண் எழுதினேன். பன்னிரண்டு படங்கள். "சூப்பர் சேட்டா" என்று ஸ்மிதாவிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் பதில் வந்தது.

அடுத்த வாரமே மீதித் தகடுகள் வந்தன. அவற்றை மாட்டப் போனால் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லவும் இல்லை, மாட்டவும் இல்லை. அதன்பின் காற்று வீசும்போதெல்லாம் அந்தக் கூரையை அண்ணாந்து பார்ப்பேன்.

பிறகு ஒரு நாள் மாலை நாலரை மணிக்கு, லிபியை அழைத்துப்போக வந்து கீழே நின்றிருந்தபோது காற்று வலுத்தது. மாடிக்கு ஓடினேன். ஏழாம் தூணில் உத்தரம் ஒரு விரல் உயரம் எழும்பி, மறுபடி அமர்ந்தது. பிள்ளைகளின் சலங்கைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. லிபியின் கையைப் பிடித்தேன்.

"லிபி, வா. அம்மைக்கு சுகமில்ல."

"அப்பா, தில்லானா பாக்கி இருக்கு."

"வான்னு சொன்னேன்ல."

டீச்சர் பதறினார். "ஐயோ, என்ன ஆச்சு அவாளுக்கு? கிளாஸை இப்பவே விட்டுட்டு நானும் வரட்டுமா?"

"வேண்டாம் டீச்சர். நீங்க நடத்துங்க."

அவர் மறுபடி தாளம் தட்டத் தொடங்கினார். நான் லிபியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்போது பின்னால் தகரம் பெயரும் சத்தம் கேட்டது. நிறுத்தவில்லை. லிபியின் தலையைக் கையால் மூடிக்கொண்டு ஓட்டினேன். டீச்சரும் நான்கு பிள்ளைகளும் இறந்துபோனதை இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

மற்றவர்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். எல்லாம் சின்னப் பிள்ளைகள், சார். கூரை பறக்கப் போகிறது என்று சொல்லியிருந்தால் பயந்திருப்பார்கள்.