ஆறு ஒன்பதான விதம்

மாமனாரோடு ஒரே வீட்டில் இருப்பது பெரிய கஷ்டம் என்று என்னோடு வேலை செய்பவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படி ஒரு நாளும் தோன்றியதில்லை. என் மாமனார் குளித்துவிட்டு வந்தால் குளியலறைத் தரை காய்ந்து கிடக்கும். செய்தித்தாளை மடிப்புக் கலையாமல் வைப்பார். ஆறிப்போன டீயைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் குடிப்பார். அப்படிப்பட்ட மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். நடுவரம்மா, இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு அவர்மேல் கோபமே கிடையாது.

வேலை நேரத்தில் பைண்டிங் கடைவரை தேடி வந்திருக்கிறீர்கள். அந்த ஸ்டூல் ஆடும், இதில் உட்காருங்கள். கையிலிருக்கும் கார்டை அப்படி மேசைமேல் வைத்துவிடுங்கள். அதை நான் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை.

மாமா ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மாமியார் போன பிறகு, ஒரே மகளான என் மனைவி அவரை எங்களோடு கூட்டிவந்துவிட்டாள். வந்தவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். “சாப்பிடறீங்களா மாமா?” என்றால் “சரி.” “டிவி போடவா?” “சரி.” “அணைச்சிடவா?” அதற்கும் “சரி.” மாதக்கணக்கில் அந்த வீட்டில் அந்த ஒரு வார்த்தைதான் ஓடியது. என் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அடுத்தவர் எலும்பையெல்லாம் பார்க்கிறேன், சொந்த அப்பா மனசுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லையே என்று அழுவாள்.

ஒரு நாள் அவள்தான் சொன்னாள். “உங்க கார்டு விளையாட்டுக்கு அப்பாவையும் கூட்டிட்டுப் போங்களேன். சும்மா ஒரு ஓரமா உக்காந்து பாக்கட்டும்.”

கூட்டிப்போனேன். சைக்கிள் கடை மாடியில் நாம் விளையாடும் அந்த அறையில் எனக்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். வாத்தியார். புதிதாக யார் வந்தாலும் ‘ஏழு கோட்டை’ ஆட்டத்தின் விதிகளைச் சொல்லிக்கொடுப்பது நான்தான். நீங்கள் நடுவராக வந்த புதிதில்கூட, தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பீர்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மாமாவுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்ததே இந்த இரட்டைமுகக் கார்டைத்தான். பலருக்கும் தலை சுற்றவைக்கிற கார்டு அது. ஒரு பக்கம் ‘உறங்கும் பாறை’. பலம் பூஜ்யம், யாரையும் தாக்க முடியாது. மறுபக்கம் ‘எழுந்த பூதம்’. பலம் ஆறு. இதைக் கட்டுக்குள் சொருக முடியாது, முதுகைப் பார்த்தே எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் கட்டில் ஒரு மாற்றுச் சீட்டு இருக்கும். அது கைக்கு வந்து, அதை இறக்கினால், வெளியே உறையில் காத்திருக்கும் அசல் கார்டைப் பாறைப் பக்கம் மேலாக வைக்க வேண்டும். எதிராளி அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் அதன்மேல் ஒரு கண்ணாடி மணி. மூன்று மணி சேர்ந்தால் கார்டைத் திருப்பலாம்.

மாமா கவனமாகக் கேட்டுவிட்டு, “திருப்பினா அந்த மணியெல்லாம் எடுத்துடணுமா?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ‘சரி’ அல்லாத ஒரு வார்த்தை.

“எடுக்கக் கூடாது மாமா. அது புதுக் கார்டு இல்ல. அதே கார்டுதான், மூஞ்சிதான் வேற. வாங்கின அடி வாங்கினதுதான்.”

கார்டை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். “லிஃப்ட் மாதிரின்னு சொல்லுங்க மாப்பிள்ளை. உள்ள நிக்கிறவன் அதே ஆள். கதவு திறக்கிற மாடிதான் வேற.”

மேசையைச் சுற்றியிருந்த எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். நான் எத்தனையோ வருஷமாக அந்தக் கார்டை விளக்கி வருகிறேன். ஒருத்தர் சிரித்ததில்லை. அடுத்த வாரம் புதிதாக வந்த ஒருவருக்கு, நம்மோடு ஆடும் அந்த மருந்துக்கடை அம்மா அந்தக் கார்டை விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். லிஃப்ட், கதவு, மாடி. என் விளக்கத்திலிருந்து அதில் ஒரு சொல்கூட இல்லை. பரவாயில்லை, விஷயம் புரிந்தால் சரி.

அந்தக் கார்டை மாமாவுக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அவர் ஆடிய விதத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மற்றவர்கள் அடி விழுந்தால் பதறுவார்கள். அவர் பாறையை நட்டநடுவில் வைத்துவிட்டு டீயை உறிஞ்சுவார். “அடிங்க, அடிங்க, கூச்சப்படாதீங்க” என்பார். மூன்றாவது மணி விழுந்ததும், ஏதோ வீட்டுக் கதவைத் திறப்பதுபோல நிதானமாகக் கார்டைத் திருப்புவார். எதிரே இருப்பவருக்கு வியர்த்துவிடும். வயதில் பாதிகூட இல்லாதவர்களெல்லாம் அவர் பக்கத்து நாற்காலிக்கு அடித்துக்கொண்டார்கள்.

வீட்டிலும் மனிதர் மாறிப்போனார். தினமும் சவரம் செய்தார். கட்டம் போட்ட சட்டை கேட்டு வாங்கினார். சாப்பாட்டு மேசையில் கோட்டை, பூதம், படை என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார்.

“அப்பா பாட்டு முணுமுணுக்கிறாரு, கேட்டீங்களா?” என்றாள் என் மனைவி.

“கேட்டேன்.”

“எல்லாம் நீங்க செஞ்ச புண்ணியம்.”

அதை நான் மறுக்கவில்லை. உண்மைதானே.

ஒரு சனிக்கிழமை, “வாத்தியாரே, ஒரு சந்தேகம்” என்று மருந்துக்கடை அம்மாவின் குரல் கேட்டது. “சொல்லுங்க” என்று திரும்பினேன். அவர் மாமாவின் பக்கம் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்துபோய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு வீடு திரும்பும்போது மழை. குடையை நான்தான் மாமாவுக்குப் பிடித்துக்கொண்டு வந்தேன். என் ஒரு தோள் முழுக்க நனைந்துவிட்டது. மனதில் எதையாவது வைத்திருப்பவன் அப்படிச் செய்வானா?

பிறகு வருடாந்திரப் போட்டி. அரையிறுதியில் மாமாவும் நானும் மோதினோம். தோற்றேன். அவர் எழுந்து வந்து என் தோளில் தட்டினார். “நல்லாத்தான் ஆடினீங்க மாப்பிள்ளை. கொஞ்சம் பொறுமை வேணும், அவ்வளவுதான்.” அந்தத் தட்டலில் ஒரு தப்பும் இல்லை. மெதுவாகத்தான் தட்டினார். அறை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, அதற்கு அவர் என்ன செய்வார்?

அப்போதுதான் அவர் உடம்பைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தேன். வயதான மனிதர், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். இறுதியாட்டம் என்றால் சும்மாவா? தோற்றால் தாங்குவாரா? ஜெயித்துவிட்டால் அதைவிட ஆபத்து. அந்தச் சந்தோஷம் நேராக நெஞ்சைத் தாக்கும். யோசிக்க யோசிக்க, அவரைக் காப்பாற்ற வீட்டில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று தெளிவானது.

வழியை அவரே கொடுத்தார். “உறையெல்லாம் கீறலாயிடுச்சு மாப்பிள்ளை. உங்க கையால நல்லதா ஒண்ணு போட்டுக் கொடுங்க” என்று கார்டை என்னிடம் நீட்டினார்.

முதலில் பூதத்தின்மேல் ஒரு தவளையை ஒட்டலாம் என்றுதான் நினைத்தேன். சேற்றுத் தவளைக் கார்டு என்னிடம் நிறையக் கிடக்கிறது. ஆனால் பூதம் வர வேண்டிய இடத்தில் தவளை வந்தால் எல்லாரும் சிரிப்பார்கள். மாமா எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பார். யாரோ குறும்பு செய்திருக்கிறார்கள் என்று நீங்களும் வேறு கார்டு கொடுத்து ஆடச் சொல்லுவீர்கள். அதனால் அவர் உடம்புக்கு என்ன பயன்? கார்டில் கைவைத்தவருக்கு நிரந்தரத் தடை என்ற விதி இருக்கிறதே, அதுதான் சரியான மருந்து. பூதத்தின் பலம் கூடியிருக்க வேண்டும். கூட்டியவர் அவராகத் தெரிய வேண்டும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இதே இடத்தில் வைத்துத்தான் செய்தேன். அட்டையின் மேல்தோலை மட்டும் கத்தியால் உரித்தெடுப்பது எங்களுக்குத் தினசரி வேலை. ஆறு என்ற எண்ணைச் சின்னச் சதுரமாக எடுத்தேன், தலைகீழாகத் திருப்பினேன், அதே பள்ளத்தில் ஒட்டினேன். ஒன்பது. அச்சு வேண்டாம், மை வேண்டாம். ஆறையும் ஒன்பதையும் வடிவமைத்தவர் பைண்டர்களை மனதில் வைத்துத்தான் செய்திருக்க வேண்டும். டீ வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. புது உறை போட்டு, இறுதியாட்டத்தன்று காலையில் கொடுத்தேன். “கண்ணாடி மாதிரி மின்னுது” என்று சந்தோஷப்பட்டார்.

கிளம்பும்போது படிக்கிற கண்ணாடியைத் தேடினார். “எங்க வச்சேன்னே தெரியல மாப்பிள்ளை.”

“கார்டெல்லாம் உங்களுக்கு மனப்பாடம்தானே மாமா, வாங்க” என்றேன். கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது.

மற்றது நீங்கள் பார்த்ததுதான். எதிரே மருந்துக்கடை அம்மா. மூன்றாவது மணி விழுந்தது. மாமா கார்டைத் திருப்பி, “ஆறு” என்றார். அந்த அம்மா குனிந்து பார்த்தார்.

“தாத்தா, இதுல ஒன்பதுன்னு இருக்கே.”

நீங்கள் வந்தீர்கள். உறையிலிருந்து கார்டை எடுக்கச் சொன்னீர்கள். மாமா அதைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் அந்த எண்ணைத் தடவினார். ஒரு தடவைதான். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் சட்டைப் பையைப் பார்த்தார். கண்ணாடியின் ஒரு காதுக்கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது, அது என் கவனக்குறைவு. அப்புறம் வாசல் பக்கம் பார்த்தார். அன்றைக்கு டியூட்டியை மாற்றிக்கொண்டு, அப்பா ஜெயிப்பதைப் பார்க்க என் மனைவி வந்து நின்றுகொண்டிருந்தாள்.

“நான்தாம்மா பண்ணேன்” என்றார் மாமா.

நீங்கள்கூட நம்பாமல் கேட்டீர்கள். “அப்புறம் ஏன் ஐயா ஆறுன்னு சொன்னீங்க?”

“வாய் தவறிடுச்சு.”

அந்தப் பதில்தான் உங்களை இத்தனை நாள் உறுத்தி, இங்கே கூட்டிவந்திருக்கிறது என்று புரிகிறது. ஒன்பதாக்கியவர் ஒன்பது என்றல்லவா சொல்லியிருப்பார். நியாயமான சந்தேகம். ஆனால் ஆளே ஒப்புக்கொண்ட பிறகு அன்றைக்கு நீங்கள் என்ன செய்ய முடியும்? தடை விதித்தீர்கள். அரையிறுதியில் அவரிடம் தோற்றவன் என்பதால், விதிப்படி அவருடைய நாற்காலியில் என்னை உட்காரவைத்தீர்கள். நாற்காலி சூடாகவே இருந்தது. ஜெயித்தேன். கோப்பை ஃபிரிட்ஜ்மேல் இருக்கிறது.

வீட்டில் என் மனைவி அழுதாள். “எங்கப்பா ஏங்க இப்படிப் பண்ணாரு?”

“வயசாச்சுல்ல. நாமதான் பெரிய மனசு பண்ணி மன்னிச்சு விடணும்” என்றேன்.

மாமா அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்துபோய்த் தன் தட்டைக் கழுவிவைத்தார். கட்டம் போட்ட சட்டையை அதன் பிறகு அவர் போடவில்லை. ரத்த அழுத்தம் மட்டும் சீராக இருக்கிறது. நானே கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். எண்ணை வெட்டியது நான். திருப்பி ஒட்டியது நான். கண்ணாடியை ஒளித்ததும் நான். ஒருவர் ஓரமாக ஒடுங்கிக் கிடந்து, இப்போதுதான் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தார் என்பது தெரிந்தே செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். மறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஆனால் கோப்பையைத் திருப்பிக் கொடு என்கிறீர்களே, அதில்தான் எனக்கு நியாயம் புரியவில்லை. அத்தனை பேர் முன்னால் நீங்கள் கேட்டபோது, தான்தான் செய்ததாக மாமா தன் வாயால் சொன்னார். இத்தனை வருஷப் பழக்கத்தில் சொல்கிறேன் நடுவரம்மா, அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.