மூன்றாவது சாவி

1943, ஆடி பதினெட்டு. காலை ஏழு மணிக்கு மோகனூரில் காவிரியில் இறங்கிக் குளித்தேன். தண்ணீர் நன்றாக ஓடியது. அன்று நான் எதையும் தொலைக்கவில்லை.

சேந்தமங்கலத்தில் எங்கள் சேவா சங்கத்துக்கு ஒரு சேமநிதி உண்டு. முன்பு பாங்கியில் போட்டிருந்தோம், பாங்கி மூழ்கியது. அதன்பின் இரும்புப் பெட்டி, மூன்று பூட்டு. தலைவர் நாச்சிமுத்துவிடம் ஒரு சாவி, காரியதரிசி பாலசுந்தரத்திடம் ஒன்று, பொருளாளரான என்னிடம் ஒன்று. பூட்டை உடைப்பதானால் எட்டு நாள் முன்னறிவிப்போடு பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். அந்த விதியை எழுதியவன் நான்.

ஊர் திரும்பியபோது தறிக்காரத் தெருவில் வாந்திபேதி. மாலையே இருவரும் சாவியோடு வந்தார்கள். நாமக்கல்லிலிருந்து டாக்டரையும் மருந்தையும் வரவழைக்க வேண்டும்.

சேமநிதி கஷ்டகாலத்துக்கானது. அதுவரை இரண்டு பேர்தான் இறந்திருந்தார்கள். இதைவிடப் பெரிய கஷ்டம் வரும், அப்போது பெட்டி காலியாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். சாவி ஆற்றோடு போய்விட்டது என்றேன். அது என் இடுப்பில் உறுத்திக்கொண்டிருந்தது.

"காவேரியாத்தாளும் நம்ம சங்கத்துல சேந்துட்டாளாட்ட இருக்குதுங்க" என்றார் நாச்சிமுத்து.

"கொல்லனக் கூப்புட்டு ஒடச்சுப்போடலாங்க" என்றார் பாலசுந்தரம்.

"விதி இருக்குதுங்களே" என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். இருவரும் நேர்மையானவர்கள். அதை நம்பித்தான் சொன்னேன்.

எட்டு நாளில் இருபத்திரண்டு பேர். ஐந்தாம் நாள், சங்கக் கட்டடத்தைப் பெருக்கும் பூவாத்தாளின் மகள் அத்தாயி. அவளுக்கு ஆறு வயது. குழி வெட்டுவதற்கு என் கைக்காசு கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் கூட்டம் கூடிப் பூட்டை உடைத்தார்கள். டாக்டர் வந்தார். அதற்குள் எனக்கும் நோய் கண்டிருந்தது. பொருளாளர் என்று முதல் மருந்தை எனக்குக் கொடுத்தார்கள். பெட்டியில் பணம் இருந்ததால் பிழைத்தேன். நான் செய்தது சரி என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

என் வீட்டார் அருகில் வர அஞ்சினார்கள். பூவாத்தாள் வந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. வெந்நீரில் துணி நனைத்து என்னைத் துடைத்தாள். நனைந்த வேட்டியை மாற்றும்போது அவள் கை என் அரைஞாண் கயிற்றில் நின்றது. நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

"ஏனுங்க சாமி, இது ஆத்தோட போன சாவிதானுங்களே?"