பத்து மாசக் கணக்கு

"படுங்க! எல்லாரும் குழிக்குள்ள படுங்க!"

யாரோ கத்துகிறார்கள். பழங்காநத்தம். காலை வெயில் ஏறிவிட்டது. துப்பாக்கிச் சத்தம். ஒன்று. சற்று நின்று, இரண்டு சேர்ந்தாற்போல. வண்டிக்காளை மிரண்டு துள்ளுகிறது. என் அண்ணன் மாயாண்டி என்னை வண்டியிலிருந்து தூக்குகிறான். விமானக் குண்டுக்குப் பயந்து தெருவோரம் வெட்டிவைத்த குழி. அடியில் மழைத் தண்ணீர். அதில் இறக்குகிறான். எனக்குப் பிரசவ வலி. நேற்று விடியலில் தொடங்கியது.

1942. ஆவணிக் கடைசி. வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லி ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. தந்திக் கம்பிகளை அறுத்திருந்தார்கள். பஸ் ஓடவில்லை. மதுரைக்குள் போலீஸ் சுட்டுக்கொண்டிருந்தது.

சாவுச் சத்தம் எனக்குப் புதிதல்ல. போன மார்கழியில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ரங்கூனில் கேட்டேன். முதலில் சங்கு. பிறகு விசில் போல ஒன்று மேலேயிருந்து இறங்கும். பிறகு தரை ஆடும். என் வீட்டுக்காரர் கருப்பையாவுக்கு அங்கே அரிசி மில்லில் வேலை. தை மாதம் என்னைக் கப்பலில் ஏற்றினார். பெண்களும் பிள்ளைகளும் மட்டும். ஆண்களுக்கு இடமில்லை.

"நீ போ பேச்சி. நடந்தாச்சும் வந்து சேந்துர்றேன்."

அப்போது நான் முழுகாமல் இருந்தேன். அவருக்குத் தெரியும்.

எங்கள் முதல் பிள்ளை ரங்கூனிலேயே பிறந்து செத்தது. எனக்கு இடுப்பெலும்பு குறுகல் என்றார் அங்கிருந்த டாக்டர். அடுத்ததை ஆஸ்பத்திரியில்தான் பெற வேண்டும், வலி வருமுன்பே வந்து படுத்துவிட வேண்டும் என்றார். டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் மாமியார் வீடு. வந்ததும் இதைச் சொன்னேன். மாமியார் மறுக்கவில்லை. ஆனால் எப்போது போவது? அவர்தான் எண்ணினார்.

"மார்கழியில நீ குளிக்கல. அப்பத் தையில இருந்து எண்ணு. பத்து மாசம். ஐப்பசியில பிறக்கும்."

ஏழு பெற்றவர். ஊரில் எல்லாரும் அப்படித்தான் எண்ணினார்கள். புரட்டாசி முடிவில் மதுரைக்குப் போய்த் தங்குவது என்று முடிவாயிற்று.

வலி ஆவணியில் வந்துவிட்டது.

"எட்டாம் மாசம்தான மதினி? சூட்டு வலியா இருக்கும்." நாத்தனார் வெள்ளையம்மா சொன்னாள். சீரகத் தண்ணீர் கொடுத்தாள். அடிவயிற்றில் விளக்கெண்ணெய் தடவினாள். பாசமானவள். நம்பித்தான் சொன்னாள். நானும் நம்பினேன். உச்சிப்பொழுது தாண்டிப் பனிக்குடம் உடைந்தது. அதன் பிறகு யார் பேச்சையும் கேட்கவில்லை. என்னைப் பார்க்க வந்திருந்த அண்ணனைப் பார்த்துக் கத்தினேன்.

"அண்ணே! வண்டியப் பூட்டுங்க!"

திருமங்கலம் தாண்டி, திருப்பரங்குன்றம் தாண்டி, பழங்காநத்தம் வரை வந்தோம். ஆஸ்பத்திரி இன்னும் கொஞ்ச தூரம்தான்.

குழிக்குள் இருக்கிறேன். வெள்ளையம்மா என் தலையை மடியில் வைத்திருக்கிறாள். மேலே பூட்ஸ் சத்தம். ஓடுகிறது. நிற்கிறது. அண்ணன் கையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறான்.

"அய்யா, புள்ளத்தாச்சி! விடுங்கய்யா!"

"உள்ள போடா! தலையத் தூக்குனா சுட்டுருவேன்!"

இறங்கிவிடுகிறான். உள்ளே பிள்ளை உதைக்கிறது. நன்றாகத் தெரிகிறது. வெயில் தலைக்கு மேல் வருகிறது. இன்னும் உதைக்கிறது. ஒரு வலி. இன்னொரு வலி. வயிற்றில் கை வைத்துக் காத்திருக்கிறேன். உதைக்கவில்லை.

வெள்ளையம்மாவிடம் சொல்லவில்லை.

பிற்பகலில் தெருவைத் திறந்துவிட்டார்கள். வண்டி கவிழ்ந்து கிடந்தது. முகம் தெரியாத நாலு பேர் என்னைக் கயிற்றுக்கட்டிலில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே டாக்டரம்மா பிள்ளையை எடுத்தார். ஆண். தலை நிறைய முடி. விரல் நுனி தாண்டி நகம்.

எனக்குக் காய்ச்சல் விட்ட பிறகு வெள்ளையம்மா டாக்டரம்மாவிடம் சொன்னாள். "எட்டு மாசத்துப் புள்ள. அதான் தங்கல."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "கடைசியா எப்பம்மா வீட்டுக்கு விலக்கானே?"

அது எனக்கு மறக்காது. கார்த்திகை தீபத்தன்று. ரங்கூன் லைன் வீட்டில் என்னால் விளக்கேற்ற முடியவில்லை. அவர்தான் ஏற்றினார்.

டாக்டரம்மா விரல் விட்டு எண்ணினார். மெதுவாகத்தான் சொன்னார்.

"விலக்கான முதல் நாள்ல இருந்து எண்ணணும். நின்னுபோன மாசத்துக்கு அடுத்த மாசத்துல இருந்து இல்ல. பத்து மாசம்னா முப்பது முப்பது நாளாவும் இல்லம்மா. நாலு நாலு வாரமாப் பத்து. நாப்பது வாரம். சிலருக்கு ஒண்ணு ரெண்டு வாரம் முன்னபின்ன ஆகும். தீபத்துல இருந்து எண்ணுனா உனக்கு ஆவணிக் கடைசி. இது குறைமாசப் புள்ள இல்ல. நாளுக்குத்தான் வந்திருக்கான்."

வெள்ளையம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். இனி எனக்குப் பிள்ளை தங்காது என்பதையும் அன்றே சொன்னார்கள்.

வீட்டில் மாமியாரிடம் வெள்ளையம்மாதான் சொன்னாள். அதற்குப் பிறகு எந்தப் பெண்ணுக்கும் அவர் மாசம் எண்ணிச் சொல்லவில்லை. வந்து கேட்டவர்களை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

அடுத்த தையில் மில்லில் கூட வேலை பார்த்தவர் ஒருவர் வந்தார். எலும்பும் தோலுமாக. அரக்கான் மலைப்பாதையில் நடந்து வந்தவர். என் வீட்டுக்காரருக்கு வழியில் காலரா. ஓடைக்கரையில் விட்டுவிட்டு நடந்தோம் என்றார். அழுதார்.

போனதைச் சொல்கிறேன். ஒரு காளை. கால் ஒடிந்துபோய் அண்ணன் விட்டுவிட்டு வந்தது. ரங்கூனில் ஒரு வீடு. பழங்காநத்தத்தில் அன்று தெருவில் கிடந்த இரண்டு பேர். யாரென்று தெரியாது. கட்டிலில் போகும்போது பார்த்தேன். என் வீட்டுக்காரர் கருப்பையா. ரங்கூனில் ஒரு பெண் பிள்ளை. மதுரையில் ஓர் ஆண் பிள்ளை. இரண்டுக்கும் பெயர் வைக்கவில்லை.