ஊறுகாய் இல்லாத பெட்டி

— கயித்தை இன்னும் இறுக்கணும் இத்தா. லூசா இருக்கு.

— எனக்கே சொல்லித் தர்றியா ஜம்ஷீர்? இந்த ரம்லத் இத்தா கட்டுன பெட்டி துபாய்ல உருண்டு விழுந்தாலும் வாய் திறக்காது. யாரோட பெட்டி இது?

— என் டாக்ஸியில ஏறப் போற ஆளோடது. வெள்ளிக்கிழமை ஃப்ளைட். பேச்சை மாத்தாதீங்க. ஏர்போர்ட்டுக்கு உங்க நிலத்தைக் கேட்டாங்களே, என்ன சொல்றீங்க?

— தரமாட்டேன்.

— ஓடுபாதை முனையில உங்க கடை ஒண்ணுதான் பாக்கின்னு ஊரே பேசுது.

— பேசட்டும். ஓடுபாதை நீண்டு பெரிய விமானம் வந்தா உனக்குச் சவாரி. எனக்கு?

— உங்களுக்குத்தான் முதல்ல! மறந்துட்டீங்களா? அப்பல்லாம் ஒரு ஆள் ஜித்தா போனா வழியனுப்ப ரெண்டு ஜீப் ஆள் வரும்...

— டீ குடிக்கும், அல்வா வாங்கும், அழும். அழுது முடிச்சு மறுபடி டீ குடிக்கும்.

— இப்ப பெரிய விமானம் இங்க இறங்குறதில்ல, அந்த ஜீப்பெல்லாம் நேரா கொச்சிக்குப் போகுது. மஜீத் இக்கா சிப்ஸ் கடையை மூடிட்டார். லாட்ஜுல புறாதான் ரூம் எடுத்திருக்கு. பெரிய விமானம் திரும்பி வரட்டும், நம்ம கொண்டோட்டி ஊரே நிமிர்ந்துடும்.

— பி.காம் படிச்ச வாய்... நிமிரும்னு நீ நம்புறியா?

— நம்பாமலா தினம் வந்து உங்ககிட்ட திட்டு வாங்குறேன்?

— ம்... அந்தப் பக்கம் பிடி. பெட்டி என்னடா இவ்வளவு லேசா இருக்கு?

— ஆளு... அதிகம் தேவைப்படாதவர்.

— மூடும்போது பார்த்தேன். நாலு சட்டை, ரெண்டு கைலி. ஊறுகாய் இல்ல.

— அங்கேயே கிடைக்கும்.

— நேந்திரம் சிப்ஸ் இல்ல, பத்திரி சுட அரிசி மாவு இல்ல. உம்மாவோ பொண்டாட்டியோ இருக்குற வீட்டுலேர்ந்து, மாட்டிறைச்சி ஊறுகாய் இல்லாம ஒரு பெட்டி இந்தக் கடைக்கு வந்ததில்ல.

— நேரமாச்சு இத்தா, கட்டி முடிங்க.

— பேர் என்ன எழுத?

— மார்க்கரைக் கொடுங்க. நானே எழுதிக்கிறேன்.

— என் கடைப் பெட்டியில நாலு பக்கமும் நான்தான் எழுதுவேன். பேர்?

— இத்தா... முதல்ல நிலம்.

— டாக்ஸியை யாருக்குக் கொடுத்த?

— எந்த டாக்ஸி? ஸ்டாண்டுல நிக்குதே...

— நீ வந்து இறங்குனது ஆட்டோவுல.

— ...வித்துட்டேன்.

— உன் பொண்டாட்டி ஹஸ்னா கண்ணை மூடி இன்னும் வருஷம் திரும்பல...

— அதை விடுங்க.

— விட்டுட்டேன். ஊர் நிமிரும்னு நம்புறவன் எதுக்குடா பெட்டி கட்டுறான்?

— ஊர் நிமிரும். அதுல சந்தேகமே இல்ல. வீட்டுக்குள்ள உட்கார முடியல, அவ்வளவுதான். ஸ்டாண்டுல இன்னும் பசங்க இருக்காங்க இத்தா, பிள்ளைகுட்டிக்காரங்க. நான் போறதுக்குள்ள நீங்க சரின்னு சொல்லிட்டா...

— நிலத்தைப் போன மாசமே கொடுத்துட்டேன்டா. ஏர்போர்ட்டோட புது வாசலுக்கு எதிர்ல கடையும் பிடிச்சாச்சு. சொன்னா நீ தினம் வந்து சண்டை போடுறது நின்னுடுமேன்னுதான் சொல்லல. இங்க பாரு, ஜம்ஷீர்னு எழுதியாச்சு. இப்ப அந்தக் கத்தியை எடு, கயித்தை அறுக்கணும். ஊறுகாய் வைக்க இடம் வேணும். திரும்பி வரும்போது பெரிய விமானத்துலயே வா.