பிளக்குல வெச்ச செகப்புப் பொட்டு

வேணாம்மா, அந்த பிளக்க கையில எடுக்காத. ரிப்பேரு முடிஞ்சிடுச்சே, ஒரு தபா சொருகித்தான் பாக்கலாமேன்னு எல்லாருக்கும் கை துடிக்கும். முப்பத்தாறு வருசமா பரண்மேல கெடந்த ரேடியோ இது. நேரா கரண்டு குடுக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா எழுப்பணும். உக்காரு, நானே காட்டறேன்.

நேத்து நீ ஆட்டோலருந்து எறக்கும்போதே தெரிஞ்சிபோச்சி, வேதாச்சலண்ணன் பொண்ணு துர்காதேவின்னு. இல்லம்மா, மூஞ்சப் பாத்து இல்ல. உன்ன நான் அஞ்சி வயசுல பாத்தது. இந்த ரேடியோ செட்டப் பாத்துதான் தெரிஞ்சது.

நைனா காரியத்துக்கு ஏன் வரலேன்னு கேக்கற. கெளம்பினேம்மா. வெள்ள சட்ட போட்டுக்கினு உங்க தெரு மொன வரிக்கும் வந்துட்டு திரும்பிட்டேன். கடையில வேல இருந்திச்சின்னு சொல்லலாம். வேல ஒண்ணியும் இல்ல.

யாருக்கு, உம் பொண்ணு பிரீத்திக்கா? சித்தூரு வூட்ல ஷோகேஸ்ல வெக்கணும்ன்றாளா. வெக்கட்டும், வெக்கட்டும். பாட்டு கேக்கணும்னு கூட சொல்றாளா? அதுக்கும் வழி பண்ணியிருக்கேன், பயப்படாத. இன்னாது? உங்க நைனா மாதிரி மறதி புடிச்ச ஆளு கையில குடுக்க மாட்டியா?

ம்.

இல்ல, ஒண்ணுமில்ல. ஸ்குரூ டிரைவரத் தேடறேன்.

இத்தப் பாரு, உள்ளருந்து எவ்ளோ பஞ்சி வந்துச்சின்னு ஒரு கவர்ல போட்டு வெச்சிக்கிறேன். அவ்ளோவும் தறி பஞ்சி. ஓரமா இருந்து ரெண்டு தறி ஓடற சத்தத்துல இது பாடிக்கினு இருந்திச்சி இல்ல, உள்ளயே படிஞ்சிபூடுச்சி. ஈரத்துணி போடாம பிரஷ்ஷால மட்டும் தள்ளினேன். ஒயர எலி துன்னுட்டுது, புதுசு போட்டேன். இந்த ரெண்டும் கண்டன்சரு, கரண்ட கொஞ்ச நேரம் புடிச்சி வெச்சிக்கிற டப்பி மாதிரி. சும்மா கெடந்தா காஞ்சி பூடும், கரண்டு குடுத்ததும் டப்புனு வெடிக்கும். அத்தயும் மாத்திட்டேன். பொட்டி மேல மட்டும் கைய வெக்கல. மேல பாரு, சந்தனம். மூணு வெரலு தடம். காஞ்சி பொரிஞ்சி கீது, ஆனா அப்பிடியே கீது. உங்க நைனா தொடைக்கல. நானும் தொடைக்கல.

ஆமாம்மா. உங்கம்மா வெரலுதான்.

தண்ணி குடிக்கிறியா? சரி.

இப்ப பாரு, இந்த பலகையில ஒரு குண்டு பல்பு கீது இல்ல? பழைய அறுவது வாட்டு. இந்த பல்பு வழியாத்தான் ரேடியோவுக்கு கரண்டு போவும். உள்ள எங்கனா ஷார்ட்டு இருந்தா பல்பு பளிச்சுனு எரியும், ரேடியோ தப்பிச்சிக்கும். எல்லாம் சரியா இருந்தா மொதல்ல எரிஞ்சி, அப்பால செவந்து அடங்கிடும். அந்தப் பக்கம் கீற இரும்புப் பொட்டி டிரான்ஸ்பார்மரு. வூட்டு கரண்டு வேற, இந்த மேஜ கரண்டு வேறன்னு பிரிச்சி வுடறதுக்கு. நானே சுத்தினது. அது இல்லாம முப்பத்தாறு வருசமா எந்த செட்டயும் நான் தொறந்தது இல்ல. கணக்கு ஒத்துப்போவுதா? ஆமா, அந்த வருசம்தான் சுத்தினேன். அந்த மாசமே.

உன்ன ஒண்ணு கேக்கட்டா? திருப்பதி ஆஸ்பத்திரில நைனா கூட இருந்தியா? ரெண்டு நாளுதானா. அதுக்கு முன்னாடி பேச்சே இல்லியா? உங்க அத்தைங்க சொன்னாங்களா, அவரு அசால்ட்டா இருந்ததுலதான் அம்மா பூட்டாங்கன்னு? எப்பருந்து? ஹாஸ்டல்ல படிக்கும்போதேவா. அப்போ அவரு சித்தூருக்கு வந்தா கூட நீ… சரி சரி. நான் கேக்கக் கூடாது. எனக்கு எந்த யோக்கிதையும் இல்ல.

கடசில எதனா சொன்னாரா?

என்னப்பத்தியா?

செட்ட மணிவேல் கையில மட்டும் குடு, அவன் கரெக்டா சொல்ற ஆளு, நான்தான் மறந்துட்டேன்னாரா? அப்பிடியா சொன்னாரு.

இரும்மா. ஒரு நிமிசம். கண்ணுல பஞ்சி.

இல்ல, சொல்லிடறேன். இந்த மாதிரி செட்டுல கம்பெனிக்காரனே டிரான்ஸ்பார்மரு வெக்க மாட்டான். வூட்டு கரண்டு ஒரு ஒயரு நேரா வந்து உள்ள கீற தகரத்துலயே ஒக்காந்துக்கும். பிளக்க ஒரு பக்கமா சொருகினா ஒண்ணியும் ஆவாது. அதே ரெண்டு பின்னு பிளக்க திருப்பி சொருகினா தகரம் முழுக்க கரண்டு. அதனாலதான் மரப்பொட்டி, பின்னாடி அட்ட, பிளாஸ்டிக் குமிழுன்னு நம்ம கை படாம மூடி வெப்பான். இது மூணு குமிழு கறுப்பு பிளாஸ்டிக்கு. நாலாவது நேத்து வரிக்கும் அலுமினியம். தோ, கழட்டி வெச்சிக்கிறேன் பாரு. அத்தப் போட்டது நான்தான்.

எம்பத்தெட்டு ஆயுத பூஜைக்கு மொத நாளு. நகரியில அன்னிக்கி ரிப்பேரு கடை எப்பிடி இருக்கும்னு உனக்கே தெரியும். தறி மோட்டாரு, ஸ்டார்ட்டரு, டேபிள் ஃபேனு, எல்லாத்துக்கும் நாளிக்கி பொட்டு வெக்கணும், எல்லாம் ஓடணும். பூஜையில ஓடாத மிஷினு வருசம் முழுக்க ஓடாதுன்னு நிப்பாங்க. உங்க நைனா இத்த எடுத்துக்கினு வந்தாரு, வால்யூம் குமிழு ஒடஞ்சி பூடுச்சின்னு. பிளாஸ்டிக்கு சித்தூர்லருந்து வரணும். வேற செட்டுல இருந்த அலுமினியத்த மாட்டி ஸ்குரூவ முடுக்கினேன். தகரத்துல கரண்டு வந்தா அந்த குமிழுக்கும் வந்துடும், ஆபத்துன்னு தெரியும். தெரிஞ்சிதான் பிளக்குல ஒரு பக்கம் செகப்பு பெயிண்டுல புள்ளி வெச்சேன். அந்தப் புள்ளி மேல் பக்கம் வர மாதிரி சொருகினா ஒண்ணும் ஆவாது. அவ்ளோதான் விசயம்.

அடுத்த நாளு காலில உங்க தறி கொட்டாயக் கழுவி வுட்டு, தரையெல்லாம் ஈரம். உங்கம்மா, கன்னியம்மாக்கா, சந்தனம் குங்குமம் தட்டோட ஒவ்வொண்ணா வந்துக்கினு இருந்தாங்க. தறிக்கு, நூல ஓட்டற நாடாவுக்கு, எண்ண டப்பாவுக்கு, சுச்சு போர்டுக்கு. பிளக்குக்கும் வெச்சாங்க, ரெண்டு பக்கமும். நம்ம வூட்டுல எத்த வுடுவோம் சொல்லு. எம் புள்ளி இருந்த எடத்துல குங்குமம், அந்தப் பக்கமும் குங்குமம். எது பெயிண்டு, எது பொட்டு, யாருக்குத் தெரியும்? நைனா எடுத்து சொருகிட்டாரு. அக்கா ஈரக் கையோட குமிழுக்கு பொட்டு வெச்சாங்க.

அழாதம்மா. அழு, அழு, பரவால்ல.

எஸ்ஐ வந்தாரு. கடையிலருந்து என்ன இட்டுக்கினு போனாங்க. எனக்கு அப்போ முப்பது வயசு. உன்ன விட சின்ன கொழந்த எனக்கும் இருந்திச்சி. ஏமி ரா, அலுமினியம் வேசி இச்சாவே, செப்பாவா ஆயனகின்னு தெலுங்குல கேட்டாரு, அலுமினியத்த மாட்டிக் குடுத்தியே, அவராண்ட சொன்னியான்னு. செப்பானு சார்ன்னேன். புள்ளி மேல இருக்கணும்னு ரெண்டு தபா சொன்னேன் சார்ன்னேன். உங்க நைனா அங்கயே நின்னுக்கினு இருந்தாரு, நீ அவரு இடுப்புல. எஸ்ஐ அவரு பக்கம் திரும்பினாரு. அவரு கொஞ்ச நேரம் என் மூஞ்சயே பாத்தாரு. யோசிச்சாரு. நெஜமாவே யோசிச்சாரும்மா, நான் பாத்தேன். அப்பால தலையாட்டினாரு. ஆமா சார், சொன்னாரு, எனக்குத்தான் நெனப்பு இல்லாம பூடுச்சின்னாரு.

அதோட முடிஞ்சிது. அதுக்கப்பறம் தறிக்காரங்க எல்லாரயும் என் கடைக்குத்தான் அனுப்பினாரு. வருசா வருசம் ஆயுத பூஜைக்கு ஒரு பொரி பொட்டலம் கொண்டாந்து இந்த மேஜ மேல வெச்சிட்டு போவாரு. நான் வாங்கி வெச்சிக்குவேன். ஒரு நாளும் துன்னது இல்ல. அப்பவாவது நான் அவராண்ட எதனா சொல்லியிருக்கலாம் இல்ல? சொல்லல. வெக்கமா கீதும்மா. அறுவத்தாறு வயசாச்சி, உன் எதுர்ல இந்த ஸ்டூல்ல ஒக்கார கூட வெக்கமா கீது.

சுச்சு போடறேன், பல்பப் பாரு. எரியுது… பயப்படாத, எரியணும். இப்போ செவக்குது பாரு. அடங்குது. அவ்ளோதான், செட்டு நல்லாகீது. உள்ள கீற கண்ணாடி வால்வு சூடாவ ஒரு நிமிசம் ஆவும். உர்ருன்னு சத்தம் வருது இல்ல? ஸ்டேஷன் அப்பால தேடிக்கலாம். வூட்டுக்கு எடுத்துக்கினு போம்போது இந்த மாதிரி இன்னொரு டிரான்ஸ்பார்மரு தரேன், அது இல்லாம பிரீத்தி சொருகக் கூடாது. பேப்பர்லயும் எழுதித் தரேன், தெலுங்குலயும் தமிழ்லயும். நாலு தபா சொல்றேன், நீயும் திருப்பி எங்கிட்ட சொல்லு.

இது பழைய பிளக்கு. ஒயரு மாத்தும்போது வெட்டி எடுத்து வெச்சேன். நகத்தால சொரண்டிப் பாரு. குங்குமம் வந்துடும், பெயிண்டு வராது. தெரியுதா புள்ளி? வெச்சது நான்தான், இல்லேன்னு சொல்லல. வெச்சி, செட்ட துணியில சுத்தி, ரெடி, அண்ணேன்னு உங்க நைனா கையில குடுத்தேன். பின்னாடி இன்னொருத்தரு ஸ்டார்ட்டரத் தூக்கிக்கினு கத்திக்கினு இருந்தாரு. நான் அந்தப் பக்கம் திரும்பிட்டேன்.

உங்க நைனா ஒண்ணும் மறதிக்காரரு இல்லம்மா. மறக்கறதுக்கு மொதல்ல நான் சொல்லியிருக்கணும் இல்ல.